பாம்பை வரைவது யார்?

“குடியை நிறுத்தறதுக்குச் சாராயம் காய்ச்சக் கத்துக்குடுப்பீங்களா சார்?”

ஒரு பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று ஒருவர் என்னைக் கேட்டார். இணையத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க, அதைப் பற்றி அவர்களையே கேம் செய்யச் சொல்லலாம், கோடை விடுமுறையில் இரண்டு வாரம் போதும் என்று அப்போதுதான் நான் பேசி முடித்திருந்தேன். கூடம் சிரித்தது. கைதட்டல் அவருக்குத்தான் கிடைத்தது. கேள்வி அவ்வளவு கச்சிதம். பதில் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள், போதவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் அவர் கட்சியை அவரே தலையாட்டும்படி எடுத்துவைக்க வேண்டும். பிள்ளைகள் இணையத்தில் ஆபத்தில் இருக்கிறார்கள். அந்த ஆபத்து வீட்டுக்குள் நுழையும் பெரிய வாசல் கேம். அங்கேதான் முகம் தெரியாதவன் பேசுகிறான். அங்கேதான் அப்பாவின் கணக்கிலிருந்து ‘டாப்-அப்’ என்று பணம் போகிறது. அங்கேதான் இரவு இரண்டு மணி வரை போர்வைக்குள் வெளிச்சம் எரிகிறது. பன்னிரண்டு வயதில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் பக்குவம் எவருக்கும் கிடையாது. ஆகவே குறிப்பிட்ட வயது வரை போனைத் தராதே. தர நேர்ந்தால் செய்யக்கூடியது, கூடாதது இரண்டையும் கண்டித்துச் சொல். இதுதான் பாதுகாப்புக் கல்வி. கேமைக் கொண்டே பாதுகாப்பைக் கற்பிக்கிறேன் என்பவன் அப்பாவி, இல்லையென்றால் எதையோ விற்க வந்தவன்.

இதைச் சொல்பவர்கள் விவரமில்லாதவர்கள் அல்லர். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. அதே மாதம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அதுபோன்ற சட்டத்தை மத்திய அரசு இங்கும் பரிசீலிக்கலாம் என்றது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பூட்டுப் போட்டது. ஆகஸ்டில் மத்திய அரசு அவற்றை ஒரேயடியாகத் தடை செய்தது. காற்று அவர்கள் பக்கம்தான் வீசுகிறது. அந்தக் காற்றின் ஒரு பகுதியை நானும் ஏற்கிறேன். இரவில் போனை வாங்கி வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பணம் வைத்தாடும் கேம்களை மூடியதில் மகிழ்ச்சியே.

நான் மறுப்பது இரண்டை. தடையும் அறிவுரையும் சேர்ந்தால் கல்வி ஆகிவிடும் என்பதை மறுக்கிறேன். கேம் ஆடுவதும் கேம் செய்வதும் ஒன்றே என்பதை அதைவிட அழுத்தமாக மறுக்கிறேன்.

ஒன்று: தடை போட்டால் போதும் என்கிறார்கள். எந்தத் தடை, யாருக்கு, எத்தனை நாளைக்கு?

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகள் தடை செய்யப்பட்டன. செப்டம்பர் 2 அன்று பப்ஜியோடு சேர்த்து இன்னும் 118. காரணம் பிள்ளைகள் அல்ல, நாட்டின் பாதுகாப்பு. ஆனால் வீடுகளில் நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. என்ன ஆயிற்று? டிக்டாக் போன அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்துவிட்டது. 2021 ஜூலையில் பப்ஜி இந்தியப் பெயர் சூட்டிக்கொண்டு திரும்பியது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைப்பட்டது; அதன் உடன்பிறப்பான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் அங்கேயே இருந்தது. பெயர்ப் பலகை மாறும், கடை இருக்கும் என்பதுதான் பிள்ளைகள் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம்.

வயது வரம்பின் கதை இன்னும் வேடிக்கை. ஆஸ்திரேலியச் சட்டத்தை நம் ஊரில் மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: விளையாட்டையே முதன்மை நோக்கமாகக் கொண்ட தளங்கள் அந்தத் தடையின் வரம்புக்குள் வரவில்லை. ரோப்ளாக்ஸ் என்ற கேம் தளம் தொடக்கப் பட்டியலில் இல்லை. கேம்தான் நோய் என்று வாதிடுபவர், கேமுக்கு விலக்குக் கொடுத்த சட்டத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்.

அது போகட்டும். நம் வீடுகளில் போன் யாருடையது? சிட்னி சிறுவனுக்குத் தனிப் போன் இருக்கலாம். நம் ஊரில் நிறையப் பிள்ளைகள் தொடுவது அம்மாவின் போனை. பள்ளி வீட்டுப்பாடம் வரும் வாட்ஸ்அப் குழு, ரேஷன் கடைக் குறுஞ்செய்தி, மகளிர் குழுத் தவணை, ஜிபே எல்லாம் அதே ஒன்றில்தான். செயலியின் கண்ணுக்கு அந்தப் பையன் முப்பத்தாறு வயதுப் பெண்மணி. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஒப்புதலுக்கான ஓடிபி எந்தப் போனுக்கு வரும்? பையன் கையில் இருக்கும் போனுக்குத்தான்.

கிராமத்தில் நீச்சல் பழக்கிய விதம் பலருக்கு நினைவிருக்கும். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். மாமாவோ சித்தப்பாவோ தண்ணீரில் பக்கத்திலேயே இருப்பார். கிணற்றுப் பக்கமே போகாதே என்று வளர்த்துவிட்டு, பதினாறாம் பிறந்தநாளன்று காலையில் குடுக்கையும் இல்லாமல் மாமாவும் இல்லாமல் தள்ளிவிடுவதை யாரும் பாதுகாப்பு என்று சொன்னதில்லை.

இரண்டு: அறிவுரை போதும் என்கிறார்கள். அறிவுரைக்கு இங்கே பஞ்சமா?

விழிப்புணர்வுக் கூட்டம் எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பந்தல், மைக் செட், ஃபிளெக்ஸ் பேனர், வெயிலில் வரிசையாக உட்காரவைக்கப்பட்ட முந்நூறு பிள்ளைகள். அந்நியரிடம் பேசாதே. படம் அனுப்பாதே. கடவுச்சொல்லைச் சொல்லாதே. கடைசியில் உறுதிமொழி, குரூப் போட்டோ. மறுநாள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி.

இந்த முறையை நம்மைவிடப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் உண்டு. 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் ‘டேர்’ என்ற போதை எதிர்ப்புத் திட்டம் தொடங்கியது. சீருடை அணிந்த காவலர் வகுப்பறைக்கே வந்து பாடம் எடுப்பார். அமெரிக்கா முழுக்கப் பரவியது, பெற்றோர் கொண்டாடினார்கள். தொண்ணூறுகளில் ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. கடைசியில் 2009-இல் பாடத்திட்டத்தையே மாற்றினார்கள். சொற்பொழிவைக் குறைத்து, சூழ்நிலையைக் கொடுத்து முடிவெடுக்கப் பழக்கும் பாடம் வந்தது.

அமெரிக்கா வரை போவானேன். யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன் சைபர் மோசடி எச்சரிக்கையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த நாடு இது. போலீஸ் வேடத்தில் போனிலேயே மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது என்பதைப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொன்னார். அதற்குப் பிறகும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் மருத்துவர்களும் லட்சக்கணக்கில் இழந்தார்கள். அவர்களுக்கு விதி தெரியாதா? தெரியும். ஏமாற்ற வந்தவன், விதியில் எழுதியிருந்த ஆள் மாதிரி இல்லை. அவ்வளவுதான்.

இங்கேதான் கேம் செய்வது என்ன செய்கிறது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கோடை முகாம், ஒரு ஊர் நூலகத்தின் மாடி. இரண்டு பழைய மடிக்கணினி, பதினோரு பிள்ளைகள். கணினியைத் தொட்ட முதல் நாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் செய்த கேமில் வில்லனுக்குப் பெரிய மீசை, கறுப்புக் கண்ணாடி. வந்த உடனே “உன் பாஸ்வேர்டைச் சொல்!” என்பான். பக்கத்தில் ஆடிப் பார்த்த பெண் சிரித்துவிட்டாள். “இவன்கிட்ட யாருடா சொல்லுவா?” பையனுக்குக் கோபம். அழித்துவிட்டு மறுபடி எழுதினான். இரண்டாவது வில்லனுக்கு மீசை இல்லை. கேமுக்குள் மூன்று நாள் கூடவே ஆடுகிறான். “செமயா ஆடுற ப்ரோ” என்கிறான். நான்காம் நாள் ஆடுபவருக்கு, கேமில் காசாகச் செல்லும் டைமண்ட் அனுப்புகிறான், சும்மாவே. அதற்கு மறுநாள்தான், “ஐடி குடு ப்ரோ, நான் உனக்கு லெவல் ஏத்தித் தர்றேன்.” அந்தப் பெண் ஆடினாள். கொடுத்துவிட்டாள். திரை கறுத்தது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

‘அந்நியரிடம் பேசாதே’ என்ற விதி ஏன் தோற்கிறது என்பதை எந்த மைக் செட்டும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கேட்டதில்லை. நான்காம் நாள் அவன் அந்நியன் இல்லை. அதைப் பையனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தன் வில்லன் தோற்றதால் அவனே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மூன்று: ஆடுவதும் செய்வதும் ஒன்றேதான் என்கிறார்கள். அப்படியென்றால் பரமபதம் ஆடியவர்களெல்லாம் வைகுண்டம் போயிருக்க வேண்டும்.

வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்கத் தலைமுறை தலைமுறையாக ஆடும் ஆட்டம். படம் முழுக்க நீதி: நல்லது செய்தால் ஏணி, கெட்டது செய்தால் பாம்பு. ஆடுபவன் அதில் ஏதாவது தீர்மானிக்கிறானா? தாயக்கட்டையை உருட்டுகிறான், விழுந்தது விதி. பாம்பு கடித்தால் “ஐயோ” என்கிறான், ஏணி கிடைத்தால் கைதட்டுகிறான். எந்தக் குற்றத்துக்கு எந்தப் பாம்பு என்பதை விடியும்போது அவனைக் கேட்டுப் பாருங்கள். இப்போது அந்தப் படத்தை முதன்முதலில் வரைந்தவனை நினையுங்கள். எந்தக் கட்டத்தில் பாம்பின் வாய், எந்தக் கட்டத்தில் வால், எதற்கு நீளமான ஏணி, எதற்குக் குட்டை ஏணி? ஒவ்வொன்றுக்கும் அவன் காரணம் யோசித்தாக வேண்டும். ஆட்டத்தின் நீதி முழுவதும் அவன் மண்டைக்குள்தான் நடந்திருக்கிறது. ஆடியவனுக்குக் கிடைத்தது தூங்காத ஓர் இரவு.

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. 1904-இல் எலிசபெத் மேகி என்ற பெண்மணி, நிலத்தை வளைத்துப்போடுபவர்கள் எப்படி மற்றவர்களை ஓட்டாண்டியாக்குகிறார்கள் என்று காட்ட ஒரு பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழித்தோன்றல்தான் மோனோபோலி. அதை ஆடும் பிள்ளைகள் நிலத்தை வளைத்துப்போடுவதில் இன்பம் காண்கிறார்கள். செய்தவர் ஒன்றைக் கற்றார், ஆடுபவர்கள் நேர்மாறானதைக் கற்கிறார்கள்.

ஆகவே பெரியவர்கள் செய்துகொடுக்கும் பாதுகாப்பு கேம்களிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கூகுள் 2017-இல் ‘இன்டர்லேண்ட்’ என்று ஒன்று வெளியிட்டது. அழகாக இருக்கும், கெடுதல் இல்லை. ஆனால் அங்கேயும் பிள்ளை தாயம்தான் உருட்டுகிறது. பாம்பை வரைந்தது கலிஃபோர்னியாவில் உட்கார்ந்திருக்கும் யாரோ. கணினி பிள்ளையை இயக்கக் கூடாது, பிள்ளைதான் கணினியை இயக்க வேண்டும் என்று கணினிக் கல்வியின் முன்னோடி சேமூர் பேப்பர்ட் 1960-களிலிருந்தே மன்றாடிக்கொண்டிருந்தார். 1967-இல் அவரும் நண்பர்களும் உருவாக்கிய ‘லோகோ’ என்ற நிரல்மொழியின் பேரப்பிள்ளைதான், அமெரிக்காவின் எம்ஐடியில் மிட்செல் ரெஸ்னிக் குழு செய்து 2007-இல் வெளிவந்த ‘ஸ்கிராட்ச்’. கட்டளைகள் வண்ண வண்ணமான பிளாக்குகளாக இருக்கும். இழுத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் கேம் ஓடும். காசு கிடையாது. இணைய இணைப்பு இல்லாமலும் ஓடும்.

அதில் பச்சை நிறத்தில் ஒரு பிளாக் இருக்கிறது. இந்த எண்ணிலிருந்து இந்த எண்ணுக்குள் ஏதாவது ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடு என்பது அதன் வேலை. அந்த ஒரு பிளாக்குக்காகவே நான் இந்தக் கட்டுரையை எழுதலாம்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், டைமண்டுக்காக அப்பாவின் கணக்கைத் தொட்டு அடி வாங்கியவன், ‘அதிர்ஷ்டப் பெட்டி’ செய்தான். பெட்டியைத் தட்டினால் ஒன்றிலிருந்து நூறுக்குள் ஓர் எண் விழும். நூறு விழுந்தால் தங்கத் துப்பாக்கி, மற்றதெல்லாம் பூஜ்யம். நண்பன் ஆடினான். முப்பது முறை தட்டினான். ஒன்றும் வரவில்லை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். “போயிட்டான் சார்” என்றான் இவன், கடைக்காரன் வாடிக்கையாளரை இழந்த குரலில். பிறகு உட்கார்ந்து யோசித்தான். முதல் தட்டிலேயே ஒரு துப்பாக்கி கட்டாயம் வரும்படி வைத்தான். ஐந்தாவதில் இன்னொன்று. அதற்குப் பிறகு வறட்சி. தோற்கும்போதெல்லாம் “அடடா, நூலிழையில் போச்சு!” என்று எழுத்து வரும்படி செய்தான், விழுந்த எண் மூன்றாக இருந்தாலும். நண்பன் வந்தான். இருபது நிமிடம் எழுந்திருக்கவில்லை.

இவன் முதலில் குதித்தான். பிறகு சத்தம் அடங்கிவிட்டது. சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். “சார், நான் ஆடுற கேம்லயும் உள்ள இப்படித்தான் எழுதி வெச்சிருப்பாங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. தேவையும் இல்லை. ஏமாற்று வடிவமைப்புகள் இவையிவை என்று பதின்மூன்று வகையைப் பட்டியல் போட்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை அச்சிட்டு அந்தப் பையனிடம் நான் கொடுத்திருந்தால் விமானம் செய்து விட்டிருப்பான். ஏமாற்று வடிவமைப்பு என்றால் என்ன என்பதை அவன் அந்த இருபது நிமிடத்தில் தன் கையால் செய்தே கண்டுவிட்டான். ‘கேமுக்கு அடிமையாகாதே’ என்பது அவனுக்கு அதுவரை வசவு. ‘எனக்கும் எவனோ இப்படி எண் போட்டு வைத்திருக்கிறான்’ என்பது அன்றைக்குக் கிடைத்த தகவல். வசவுக்கு முறைக்கத்தான் தோன்றும். தகவல் கிடைத்தவனுக்கு ரோஷம் வரும்.

நான்கு: ஏமாற்றுவதற்கே கற்றுக்கொடுக்கிறீர்கள் என்கிறார்கள். இதுதான் கனமான ஆட்சேபம். சாராயக் கேள்வியின் உண்மையான உட்பொருளும் இதுவே.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2018-இல் நெதர்லாந்துக் குழு ஒன்றோடு சேர்ந்து ‘பேட் நியூஸ்’ என்ற கேமை வெளியிட்டார்கள். அதில் ஆடுபவர்தான் பொய்ச் செய்தி பரப்புபவர். பயத்தைக் கிளப்பு, போலி நிபுணரைக் காட்டு, இரு தரப்பைச் சண்டை மூட்டு என்று ஒவ்வொரு உத்தியையும் அவரே கையாள வேண்டும். ஆடி முடித்தவர்கள் அந்த உத்திகள் உள்ள செய்திகளை முன்பைவிட நன்றாகச் சந்தேகித்தார்கள் என்று ஆய்வுகள் காட்டின. நோய்க்கிருமியை வலுவிழக்கச் செய்து கொஞ்சமாக ஏற்றுவதுபோல, ஏமாற்றையும் கொஞ்சமாக முன்கூட்டியே காட்டினால் மனம் தற்காத்துக்கொள்ளும் என்பது உளவியலாளர் வில்லியம் மக்குவைர் 1960-களில் முன்வைத்த கருத்து. அதன் மேல்தான் இந்த கேம் நிற்கிறது. ஆடினாலே இவ்வளவு என்றால், செய்தால்? அதற்கு என் கையில் ஆய்வு முடிவு எதுவும் இல்லை. பதினோரு பிள்ளைகளின் முகம் இருக்கிறது.

சாராயத்துக்கும் பதில் அதுவே. ஊறல் பானைக்குள் என்னென்ன போடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், குடிக்க மனம் வந்ததா என்று.

ஆனால் இந்த ஆட்சேபத்தில் உண்மையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். முகாமில் ஒரு பிள்ளைக்கு வலை விரிப்பதில் ருசி பிடித்துவிட்டது. தன் கேமில் ஆடுபவரை அழவைக்கும் மிரட்டல் செய்திகளை அடுக்கிக்கொண்டே போனது. அதனால் இரண்டு நிபந்தனைகளைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு பொறியிலும் தப்பிக்க ஒரு வழி இருந்தாக வேண்டும். செய்தவரே இரை வேடத்தில் மூன்று முறை ஆடிக் காட்ட வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல், கூடவே உட்கார ஒரு பெரியவரும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்வதாக இருந்தால் அந்தத் தந்தை சொன்னதே சரி.

ஐந்து: கணினி எங்கே என்கிறார்கள். பத்து ரூபாய்ச் சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, புளியங்கொட்டை. ஸ்கிராட்சைத் தொடுவதற்கு முந்தைய நான்கு நாள் எங்களுக்கு இதுதான். கணினி வேண்டும் என்றால் அதற்கும் பக்கத்து மாநிலத்தில் வழி இருக்கிறது. கேரளத்தின் அரசு, உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ குழுக்கள் 2018 முதல் அனிமேஷனும் நிரல் எழுதுவதும் பழகுகின்றன. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘கோடிங் தெரியாத பிள்ளை வீண்’ என்று 2020-இல் பெற்றோரை மிரட்டிக் காசு பார்த்த விளம்பரங்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். இந்தப் பிள்ளைகள் எஞ்சினியர் ஆனால் என்ன, ஆகாவிட்டால் என்ன.

ஆறு: பிள்ளைகளைக் காப்பது நிறுவனங்களின் பொறுப்பு, அரசின் பொறுப்பு, அதைப் பிள்ளை தலையில் கட்டாதே என்கிறார்கள். முழுக்கச் சம்மதம். 2022 டிசம்பரில் ‘ஃபோர்ட்நைட்’ கேமின் எபிக் நிறுவனம், ஏமாற்றுப் பொத்தான்களால் வாங்கவைத்த பணத்துக்காக 24.5 கோடி டாலரும், சிறுவர்களின் தரவைச் சட்டத்துக்கு மாறாகத் திரட்டியதற்காக 27.5 கோடி டாலரும் தர அமெரிக்க வணிக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. இங்கும் அப்படி நடக்கட்டும். கேம் செய்வதையே வியாபாரமாக்கிய தளங்களையும் கண்காணிக்கட்டும். துருக்கி 2024 ஆகஸ்டில் ரோப்ளாக்ஸை முடக்கியது, பிள்ளைகள் செய்யும் கேம்களால் நிறைந்த தளம் அது. எங்கள் பிள்ளைகள் செய்த எதையும் நாங்கள் இணையத்தில் ஏற்றவில்லை. பெயரோ, ஊரோ, பள்ளியோ எங்கும் போகவில்லை. சட்டம் வரும் வரையிலும், வந்த பிறகும், பிள்ளைக்குத் தன்னைச் சுற்றி நடப்பது தெரிந்திருக்கக் கூடாதா என்பது மட்டுமே என் கேள்வி. சாலை விதி இருக்கிறது என்பதற்காக இருபுறமும் பார்க்காமலா தெருவைக் கடக்கிறோம்?

ஏழாவது, அவர்கள் சொன்னதல்ல. நான் அவர்களைக் கேட்பது.

தடையும் கண்டிப்பும் மட்டுமே உள்ள வீட்டில், மாட்டிக்கொண்ட பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? போனைத் தொடாதே என்றிருக்கிறீர்கள். தொட்டாள். அந்நியரிடம் பேசாதே என்றிருக்கிறீர்கள். பேசினாள். படம் அனுப்பாதே என்றிருக்கிறீர்கள். ஒன்றை அனுப்பிவிட்டாள். இப்போது அவன் மிரட்டுகிறான். உங்களிடம் சொல்வதென்றால் அவள் முதலில் மூன்று குற்றங்களை ஒப்புக்கொள்ள வேண்டும். மிரட்டுபவனுக்கு இது நன்றாகத் தெரியும். “வீட்ல சொல்லிடுவேன்” என்பதுதான் அவன் ஆயுதமே. அதைச் சாணை பிடித்துக் கொடுத்தது யார்? குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது, சைபர் குற்றத்துக்கு 1930 இருக்கிறது, போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது. வீட்டில் வாயைத் திறக்க முடியாத பிள்ளை இந்த எண்களை அழுத்தும் என்று நம்புகிறீர்களா?

இது என் ஊகம் இல்லை. அட்டையில் இருக்கிறது. முகாமில் ஐந்து பெண் பிள்ளைகள் சேர்ந்து பரமபதம் மாதிரி அறுபத்து நான்கு கட்டத்தில் ஒன்று வரைந்தார்கள். எந்தக் கட்டத்தில் எந்தப் பாம்பு என்பதற்கு இரண்டு நாள் சண்டை. புரொஃபைலில் பள்ளிச் சீருடையோடு படம் வைத்தால் பாம்பு எவ்வளவு நீளம்? தோழியின் படத்தைக் கேட்காமல் போட்டால்? “அது குட்டிப் பாம்பு போதும்டி”, “போதாதுடி, உன் படத்தைப் போட்டாத் தெரியும்.” அழித்து அழித்து அட்டையே பஞ்சாகிவிட்டது. முப்பத்தேழாம் கட்டத்தில் மட்டும் சண்டை வரவில்லை. அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தது: ‘அப்பாவிடம் சொன்னாள்’. நான் அங்கே ஏணி வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேரும் பேசாமல் பாம்பை வரைந்தார்கள். படத்திலேயே நீளமான பாம்பு அதுதான். வால் நான்காம் கட்டத்தில் முடிகிறது. நான்காம் கட்டத்தில் எழுதியிருக்கிறது: ‘போன் போச்சு. டியூஷன் போச்சு. இனிமே ஸ்கூலுக்கும் வேண்டாம்.’

பக்கத்தில், நாற்பதாம் கட்டத்தில், ஒரு சின்ன ஏணி இருக்கிறது. ‘அக்காவிடம் சொன்னாள்’. இரண்டே கட்டம் ஏறும்.

சாராயக் கேள்வி கேட்ட அந்தத் தந்தை இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். அட்டை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. வரும் மே மாதம் ஒரு நாள் சாயங்காலம் நூலகத்துக்கு வாருங்கள், உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. ஒரு ஆட்டம் ஆடுவோம். தாயக்கட்டை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள், எங்களுடையது தொலைந்துபோய்விட்டது.